சைவச் சகன்

மர்சூக் ஹாஜியாரின் ஹோட்டல் பலகையில் ஒரு மாடும் ஒரு கோழியும் அருகருகே நின்று சிரித்துக்கொண்டிருந்தன. தியேட்டருக்குப் படம் கீறுகிற ஓவியரிடம் வேலையைக் கொடுத்ததால் மாட்டுக்கு நடிகையின் கண்ணிமைகள் அமைந்துவிட்டன. தன்னை அறுத்துக் கறியாக்கும் கடைக்கு இவ்வளவு முகமலர்ச்சியோடு ஆள் கூப்பிடும் மாடு கல்முனையில் அது ஒன்றுதான். அதன் காலடியில் 'உரிமையாளர்: அல்ஹாஜ் மர்சூக், ஜே.பி.' என்று எழுதியிருந்தது. ஜே.பி. என்ற எழுத்துகள் மட்டும் மாட்டின் தலையைவிடப் பெரிது.

ஹாஜியார் முன்பு தேத்தண்ணிக் கடைதான் வைத்திருந்தார். இடியப்பம், சம்பல், மீன் குழம்பு, பிளேன்டீ. பிறகு ஊர்ப்பிள்ளைகள் சவுதிக்குப் போனார்கள். காசு வந்தது, கசெட் ரேடியோ வந்தது, அவற்றின் பின்னாலேயே புரியாணி வந்தது. புரியாணிக்குப் பின்னால் பிரைட் ரைஸ், இறைச்சியை உறைப்பாய்ப் பிரட்டும் டெவில், ரொட்டியைத் தகட்டால் கொத்திப் போடும் கொத்து. மாலையானால் பிரதான வீதியில் கொத்துத் தகடுகளின் சத்தத்தில் பாங்கோசையும் கோயில் மணியும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தன. விருந்தாளிக்கு மரக்கறி வைப்பது அவமானம் என்றாகி, கத்தரிக்காய் கோழிக்கால்களுக்கு நடுவே அலங்காரமாக மட்டும் தலைகாட்டத் தொடங்கியது.

சந்தைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சைவக் கடை இருந்தது. எண்பத்தைந்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் மூண்ட கலவரத்தோடு அதன் முதலாளி மட்டக்களப்புக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் இப்போது உயிர்க்கோழி விற்றார்கள்.

இந்த நகரத்தில்தான் கந்தப்போடி தினமும் சைவச் சாப்பாடு தேடினார்.

கந்தப்போடி பெரியநீலாவணையில் மீன் பிடிப்பவர். பரம்பரையாக மீன் தின்று வளர்ந்தவர். மீன் இல்லாத சோற்றைப் பத்தியச் சோறு என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவருடைய ஒரே மகன் நவரெத்தினத்தைப் படையினர் சுற்றிவளைப்பில் பிடித்துக் கல்முனை முகாமுக்குக் கொண்டுபோன அன்று, அவரும் மனைவி சின்னத்தங்கமும் கண்ணகை அம்மன் கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்தி நேர்ந்துகொண்டார்கள். நவம் வீட்டு வாசலில் கால் வைக்கும் வரைக்கும் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை. சின்னத்தங்கம் அன்றே கருவாட்டுப் பானையைக் கழுவிக் கவிழ்த்தாள். சூரை மீனை அவித்துப் புகை போட்டு விறகுக்கட்டை போலக் காயவைக்கும் மாசி, அது ஒரு தகரம் நிறைய இருந்தது. சம்பலில் இடித்துப் போடுவதற்காகத் தானே பக்குவம் செய்தது. அதையும் அயல்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

விற்பதற்குத் தடையில்லை. காலையில் மீனைக் கல்முனைச் சந்தையில் கொடுத்துவிட்டு, கந்தப்போடி முகாம் வாசலில் போய் நிற்பார். "நாளைக்கு வா" என்று சொல்லிக் கலைத்துவிடுவதற்குள் மத்தியானம் தாண்டிவிடும். வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வர முடியாது. சோற்றுப் பார்சலோடு வீதியில் போகும் தமிழன் காட்டிலிருக்கும் இயக்கப் பொடியன்களுக்குத்தான் கொண்டுபோகிறான் என்பது சோதனைச் சாவடியின் முடிவு. முதல் வாரம் கொண்டுவந்த பார்சலை அவிழ்த்துத் தார் ரோட்டில் கொட்டிக் காலால் கிளறிப் பார்த்தார்கள். பூசணிக்காயைத் தவிர அதில் ஆயுதம் எதுவும் இருக்கவில்லை.

அதனால் ஹோட்டல்.

அங்கே அடுப்புக்கும் மேசைக்கும் ஓடி ஓடி வேலை செய்தவர் முகைதீன்பாவா. கல்முனைக்குடிக்காரர், நாற்பது பேரின் கலியாணச் சாப்பாட்டைத் தனியே இறக்கக்கூடிய சமையற்காரர்.

"என்னண்ணே சாப்பிடுறயள்? புரியாணி இரிக்கி. மாடு, கோழி ரெண்டும் இரிக்கி."

"வெள்ளச் சோறு தம்பி. சைவமா."

"சைவமா? அப்ப கோழி போடுறன்."

"கோழியும் வேணாம்."

"முட்டை?"

"வேணாம்."

"மீன் பொரிச்சிரிக்கி. காலையில நீங்க கொண்டுவந்த பாரைதான்."

"மீனும் வேணாம் தம்பி."

பக்கத்து மேசையில் கொத்து தின்றுகொண்டிருந்த புடவைக்கடை ஜவுபர் திரும்பிப் பார்த்தார். "பாவா, கொஞ்சம் கவனம். மீன் விக்கிற மனிசனே தின்ன மாட்டனெண்டா அந்த மீன்ல என்னமோ இரிக்கி."

மேசைகள் சிரித்தன. முகைதீன்பாவா மட்டும் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "சீனி வருத்தமாண்ணே? பிறஷரா?"

டாக்டர் சொல்லாமல் ஒரு மனிதன் இறைச்சியை விடுவான் என்பதை அந்தக் கடையில் யாரும் கண்டதில்லை.

"வருத்தமில்ல. நேத்தி. மகன முகாமில வெச்சிரிக்கானுகள்."

முகைதீன்பாவா துணியைத் தோளில் போட்டார். "அதச் சொல்லுங்களன். என்ட மூத்தவளுக்குப் புள்ளயில்லாம, கடற்கரைப் பள்ளிக் கொடியேத்தத்துக்கு என்ட பொஞ்சாதியும் நேந்துதான் வச்சிரிக்கா." உள்ளே போய்ப் புதுக் கோப்பையில் வெள்ளைச் சோறும், ஒரு முட்டி எருமைத் தயிரும், இரண்டு வாழைப்பழமும் கொண்டுவந்தார். அன்றிலிருந்து கேட்காமலே வரும். குழம்பு என்று ஒன்று வைக்க முடியவில்லையே என்ற கவலை முகைதீன்பாவாவுக்கு இருந்துகொண்டே இருந்தது. தான் சமைக்காத சாப்பாட்டை ஒருவர் தன் கடையில் தின்றுவிட்டுப் போவது அவருக்கு உறுத்தியது.

ஹாஜியாருக்கு வேறு கவலை. ஜே.பி. என்கிற சமாதான நீதவான் பட்டம் கிடைத்து இரண்டு மாதத்தில் கலவரம் வந்துவிட்டது. சமாதானம் தன்னுடைய பொறுப்பில் இருந்தபோது அது கெட்டுப்போனதை அவர் சொந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். ஒற்றுமைக் குழு ஒன்றை அமைத்துத் தலைவரானார். கூட்டங்கள் ஹோட்டல் மாடியில் நடந்தன. சில நாட்களில் கூட்டம் கூடாது. புரியாணி மட்டும் கூடும். முகாம் பெரியவர் அங்கே அடிக்கடி வந்து சாப்பிட்டார். ஹாஜியாரின் சிபாரிசில் இரண்டு பேர் முகாமிலிருந்து வெளியே வந்ததாக ஊரில் கதை. அந்த இரண்டு பேரையும் கண்ணால் கண்டவர் எவருமில்லை.

குழுவில் ஒரேயொரு குறை. தமிழர் இல்லை. கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர் சின்னப்போடிக்கு ஆள் அனுப்பினார்கள். மாடு தின்பவர்களோடு பந்தியில் இருப்பது தன் ஆசாரத்துக்கு ஒவ்வாது என்று வண்ணக்கர் பதில் அனுப்பினார். வெள்ளிக்கிழமை தவிர மற்ற ஆறு நாளும் நண்டு தின்கிற ஆசாரம் அது. உண்மையில் கல்முனைக்கு வரப் பயம். பயத்தைவிட ஆசாரம் எழுதுவதற்கு அழகானது.

அப்போதுதான் ஹாஜியாரின் கண், மூலை மேசையில் தயிர்ச்சோறு பிசைந்துகொண்டிருந்த கந்தப்போடியில் விழுந்தது. மற்றத் தமிழர்கள் வர அஞ்சிய நகரத்துக்கு இந்த ஆள் நாளாந்தம் வருகிறார். அதுவும் சைவம். பார்த்தாலே தெரிகிற இந்து.

"போடியார்," என்று மேசைக்கே வந்து உட்கார்ந்தார் ஹாஜியார். போடியார் என்றால் பெரும் வயற்காணிக்காரர்; கந்தப்போடிக்கு ஒரு காணி நிலமும் இல்லை. ஆனால் பிரதிநிதிக்குக் காணி இருப்பது நல்லது. "நம்மட குழுவுல ஒங்களப் போட்டிரிக்கி. இந்து மக்கள்ட பிரதிநிதி."

"நானா? நான் கடலுக்குப் போற மனிசன், ஹாஜியார். எனக்குப் பேசத் தெரியா."

"பேச நான் இரிக்கன். நீங்க வந்து இருந்தாக் காணும். வாற ஞாயிற்றுக்கிழம ஒற்றுமை விருந்து. மூணு இனமும் ஒரே சகன்ல சாப்பிடுறம். பேப்பருக்குப் போட்டோ. முகாம் பெரியவரும் வாறார்."

கந்தப்போடியின் விரல்கள் சோற்றில் நின்றன.

"ஒங்கட மகன்ட கதைய அந்தச் சகன்லேயே வச்சுக் கேப்பம்," என்றார் ஹாஜியார். "ஒரு சகன்ல கை வச்ச மனிசன் இல்லெண்டு சொல்ல மாட்டார்."

சகன் என்றால் பெரிய தட்டு. சோற்றைக் குவித்து, கறிகளை மேலே பரப்பி, பாயில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து கையால் உண்பது. அதற்குச் சட்டங்கள் உண்டு. எல்லோரும் முடிக்குமுன் ஒருவர் எழும்பக்கூடாது. விருந்தளிப்பவர் நல்ல துண்டுகளைத் தன் கையாலேயே விருந்தாளியின் பக்கம் தள்ளிவிடுவார். தள்ளியதை மீதம் விடக்கூடாது. மீதம் விட்டால் வைத்தவனை மறுத்ததாக அர்த்தம்.

"சகன்ல இறச்சி வருமே, ஹாஜியார்," என்றார் கந்தப்போடி.

ஹாஜியார் இதை யோசித்திருக்கவில்லை. ஆனால் அவர் எந்த இடறலையும் திட்டமாக மாற்றத் தெரிந்தவர். கண்ணை மூடித் திறந்தபோது முகம் பிரகாசமாக இருந்தது. "சைவச் சகன்!" என்றார். "இலங்கையிலேயே முதல் சைவச் சகன்!"

குழுவில் இது கலவரத்தை உண்டாக்கியது.

"இறச்சியில்லாத சகன் மையத்து இல்லாத சந்தூக்கு மாதிரி, ஹாஜியார்," என்றார் ஜவுபர். "பொணமில்லாத பெட்டியில என்னத்தச் சுமந்துக்கிட்டுப் போற?"

"வாயக் கழுவு ஜவுபர். சமாதானத்துக்காக ஒரு நேரம் மரக்கறி திண்டா நாம மவுத்தாப் போக மாட்டம்."

"நீங்க திண்டு பாருங்க. நாங்க வந்து போட்டோக்கு நிக்கம்."

முகைதீன்பாவா மட்டும் உண்மையாகவே மகிழ்ந்தார். புதிய மண்சட்டிகள் வாங்கினார். புது அகப்பைகள் வாங்கினார். இறைச்சி வெட்டும் கட்டையை அடுப்படிக்கு வெளியே வைத்தார். கந்தப்போடி வீட்டில் வந்து இதையெல்லாம் சொன்னபோது சின்னத்தங்கம் ஒவ்வொன்றாக விசாரித்தாள்.

"சட்டி?"

"புதுசு."

"அகப்பை?"

"அதுவும் புதுசு."

"எண்ணெய்? கோழி பொரிச்ச எண்ணெயத் திருப்பிக் கிருப்பி ஊத்துவானுகளோ?"

"தேங்காயெண்ணெய். புதுப் போத்தல் உடைக்கானாம். விறகும் சைவந்தான் புள்ள, போதுமா?"

அவள் சிரிக்கவில்லை. "பகிடி விடாதங்க. நம்மட பக்கத்தால ஒரு பிழையும் வரப்போடாது. அவ்வளவுதான் நம்மட கையில இரிக்கிற."

ஞாயிற்றுக்கிழமை மாடியில் பாய் விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்தார்கள். 'மூவினமும் ஓரினமே' என்று சுவரில் சீலை தொங்கியது. சிங்கள மக்களின் பிரதிநிதியாக முகாம் பெரியவரும் அவருடைய உதவியாளரும் உட்கார்ந்தார்கள். ஊரில் வேறு சிங்கள மக்கள் இல்லை. ஹாஜியார், ஜவுபர், குழுச் செயலாளர் றவூப், கந்தப்போடி. உதவியாளரின் துப்பாக்கி பாயோரம் ஏழாவது ஆளாகப் படுத்திருந்தது.

ஹாஜியார் நின்றுகொண்டு பேசினார். கடையில் அவர் பேசுகிற தமிழ் அதுவல்ல. "அன்புக்கும் பாசத்துக்கும் உரிய சகோதர வாஞ்சை மிக்க பெருமக்களே! பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்த நாம்..." பிட்டிலிருந்து தேங்காய்ப்பூவைப் பிரித்தவர் யார் என்ற இடத்தை அவர் மெதுவாகச் சுற்றிக்கொண்டு போனார். முகாம் பெரியவர் தலையாட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது பேச்சை அவர் ரசிப்பதற்கு உதவியாக இருந்தது.

பேச்சுக்கு முன்னால், மாடிப்படிக்குப் பக்கத்துத் திரைக்குப் பின்னால் வேறொரு விருந்து நடந்து முடிந்திருந்தது. மாட்டிறைச்சிப் புரியாணி. மரக்கறியில் வயிறு நிறையாதே என்று எல்லோரையும் ஹாஜியாரே இரகசியமாக உள்ளே கூப்பிட்டு இருத்தியிருந்தார். கந்தப்போடியைத் தவிர எல்லோரும் ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் சமாதானத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

சகன் வந்தது. சோற்றின்மேல் பலாக்காய்க் கறி, பொரித்த கத்தரிக்காய், பருப்பு, வெண்டிக்காய், பப்படம். நடுவில், தேங்காய்ப்பூவில் இடித்த சிவந்த சம்பல் ஒரு குன்று. முகைதீன்பாவா அதை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளி நின்று கந்தப்போடியின் முகத்தையே பார்த்தார்.

பெரியவர் விரலால் சோற்றைக் கிளறிப் பார்த்தார். அடியில் ஏதாவது கோழி ஒளிந்திருக்கலாம் என்ற நம்பிக்கை. இல்லை என்று கண்டதும் சிங்களத்தில் என்னவோ சொன்னார். உதவியாளர் சிரித்தார்.

"என்னவாம்?" என்று றவூப் கேட்டார்.

"ஆசுபத்திரி வார்ட்டு மாதிரி இரிக்காம்," என்று மெல்லச் சொன்ன ஹாஜியார், குரலை உயர்த்தி, "மிக்க அருமையென்று பாராட்டுகிறார்!" என்றார்.

ஐந்து கைகள் ஐந்து பருக்கைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தன. வயிறு நிறைந்தவர்கள். உண்மையாகப் பசித்திருந்தவர் கந்தப்போடி ஒருவர்தான். ஆகவே எல்லாம் அவர் பக்கம் வரத் தொடங்கியது. ஜவுபர் கத்தரிக்காயைத் தள்ளினார். றவூப் பலாக்காயைத் தள்ளினார். ஹாஜியார், விருந்தளிப்பவர் என்ற முறையில், நடுக்குன்றைக் கையால் வழித்துச் சம்பலில் பாதியை அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"சாப்பிடுங்க போடியார்."

கந்தப்போடி சோற்றோடு பிசைந்து ஒரு கவளம் வைத்தார்.

பல்லுக்கிடையில் ஒரு சிராய் நெரிந்தது. புகை. உப்பு. கடல்.

அவருடைய மனம் அறியுமுன்னர் நாக்கு அறிந்துவிட்டது. மாதக்கணக்காகத் தயிரிலும் வாழைப்பழத்திலும் கிடந்த நாக்கு யாரையும் கேட்காமல் சந்தோசப்பட்டு நீர் ஊறியது. அடுத்த கணம்தான் மனம் விளங்கிக்கொண்டது. சூரை. மாசி. அவர் கையாலேயே எத்தனை தடவை பிடித்த மீன். விழுங்கியாகிவிட்டது.

நிமிர்ந்து பார்த்தார். முகைதீன்பாவா புன்னகையோடு நின்றார். அந்த முகத்தில் சூது இல்லை. கறியில் இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, கோழி பொரித்த எண்ணெய்கூட இல்லை. மாசி அவருக்கு மீன் அல்ல. உப்பு, மிளகாய், வெங்காயம், மாசி. மாசி போடாத சம்பலை அந்தக் கரையில் யாரும் சம்பல் என்று கூப்பிடுவதில்லை.

சரியாக அந்த நேரத்தில் ஹாஜியார் பெரியவர் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் பேச ஆரம்பித்தார். நவரெத்தினம் என்ற பெயர் இரண்டு தடவை காதில் விழுந்தது. பெரியவர் கந்தப்போடியைப் பார்த்தார். முகாம் வாசலில் எத்தனையோ நாள் நின்றும் கிடைக்காத பார்வை அது.

"பலமு," என்றார் பெரியவர். பார்ப்போம் என்று அர்த்தம்.

"விட்டிருவாராம்!" என்று மொழிபெயர்த்தார் ஹாஜியார். "நான் சொன்னனே போடியார். சாப்பிடுங்க. பெரியவர் ஒங்களத்தான் பாக்கார்."

ஒரு சொல் போதும். மாசி என்று சொல்லிக் கையை எடுத்துவிடலாம். எடுத்தால் சகன் கெடும். ஹாஜியாரின் முகம் கருகும். முகைதீன்பாவா அதே இடத்தில் செத்துப்போவார். பெரியவர், தன்னோடு உண்ண மறுத்த தமிழனைப் பார்ப்பார். அந்தப் பார்வை முகாமுக்குத் திரும்பிப் போய் நவம் இருக்கும் அறைக்குள் நுழையும். எடுக்காவிட்டால், கண்ணகை அம்மாள் பார்ப்பாள்.

முதல் கவளம் அறியாமல் தின்றது. அதை அவள் பொறுப்பாள். இரண்டாவது?

போட்டோக்காரர் முழங்காலில் நின்று கமராவைத் தூக்கினார். "ஐயா, கைய வாய்க்குக் கிட்டக் கொண்டுபோங்க!"

கந்தப்போடி இரண்டாவது கவளத்தை வாயில் வைத்தார். வெளிச்சம் அடித்தது.

அதற்குப் பிறகு எண்ணவில்லை. தள்ளியதை மீதம் விடக்கூடாது. அவர் பக்கத்தில் சகனின் வெள்ளி தெரியும் வரை தின்றார். மனிசன் எவ்வளவு ஆசையாகத் தின்கிறான் என்று ஜவுபர் றவூபின் காதில் சொன்னார்.

கை கழுவுகிற இடத்தில் முகைதீன்பாவா துவாயோடு நின்றார். "சம்பல் எப்பிடிண்ணே? கடை மாசி போடயில்ல. ஒங்களுக்கெண்டு மாலதீவு மாசியாப் பாத்து வாங்கின. இறச்சியுமில்ல, மீனுமில்ல, ருசிக்கு அதாவது வேணுமே."

"நல்லாயிருந்த தம்பி," என்றார் கந்தப்போடி.

வீட்டுக்குப் போகுமுன் கடற்கரையில் இறங்கி மணலால் கையைத் தேய்த்தார். சின்னத்தங்கம் வாசலில் நின்றாள். என்ன தந்தார்கள் என்று கேட்டாள். பலாக்காய், கத்தரிக்காய், பருப்பு என்றார். என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். விட்டுவிடுவார்களாம் என்றார். அவள் உள்ளே போய் நவத்தின் சாரனை எடுத்துத் தோய்த்துக் கொடியில் போட்டாள். அது காய்ந்தது. மடித்து வைத்தாள்.

படம் பேப்பரில் வந்தது. ஹாஜியார் அதைச் சட்டம் போட்டு ஹோட்டல் சுவரில் மாட்டினார். படத்தின் நடுவில் ஹாஜியார், பக்கத்தில் பெரியவர், ஓரத்தில் கன்னம் உப்பிய கந்தப்போடி. பெருமை அத்தோடு அடங்கவில்லை. தியேட்டர் ஓவியரை மறுபடி கூப்பிட்டார். மாட்டுக்கும் கோழிக்கும் பக்கத்தில் இப்போது ஒரு கத்தரிக்காயும் சிரித்தது. அதற்கும் அதே கண்ணிமைகள். 'சைவச் சாப்பாடும் உண்டு.' கீழே மூன்று மேசைகளைப் பிரித்துச் சைவப் பகுதி என்று பெயர் வைத்தார்கள். இடமில்லாத நாட்களில் அங்கேயும் டெவில் தின்றார்கள்.

நவம் வரவில்லை.

பெரியவர் மாற்றலாகித் தெற்கே போய்விட்டார். பிரியாவிடைப் புரியாணியும் அதே மாடியில்தான். புதிதாக வந்தவர் வாசலில் ஆள் வைத்துச் சொல்லியனுப்பினார்: அப்படியொரு பெயர் இங்கே இல்லை. இருந்ததும் இல்லை.

ஹாஜியார் வெள்ளைச் சாரன், கோட்டு, துருக்கித் தொப்பியோடு கந்தப்போடியைக் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போனார். காவலுக்கு நின்றவனுக்கு ஜே.பி. என்றால் என்னவென்று தெரியவில்லை. இருவரையும் வெயிலில் நிற்க வைத்தான். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. ஹாஜியாரின் தொப்பியின் கீழிருந்து வேர்வை ஒழுகிக் கோட்டை நனைத்தது. திரும்பும்போது, "மேலிடத்துல கதைக்கிறன்," என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு கந்தப்போடி கடைக்குள் நுழைந்தால் ஹாஜியாருக்குப் பின்பக்கத்தில் வேலை வந்துவிடும். முகைதீன்பாவா சோறு வைப்பார், தயிர் வைப்பார், ஓரத்தில் சம்பலும் வைப்பார்.

"என்னண்ணே, சம்பல் தொடயில்லையே?"

"வயிறு சரியில்ல தம்பி."

சின்னத்தங்கம் பிழையைத் தேடத் தொடங்கினாள். மீன் கூடையைத் தொட்ட கையோடு விளக்கு வைத்தேனோ என்றாள். கூடையைத் தொடுவதை விட்டாள். கருவாட்டுப் பானையைக் கவிழ்த்து வைத்தது போதாதோ என்று உடைத்தாள். ஒரு நேரச் சாப்பாட்டையும் விட்டாள். ஒவ்வொரு முறையும் கந்தப்போடி, "உன்ட பிழையில்ல புள்ள," என்று சொன்னார். யாருடைய பிழை என்று சொல்லவில்லை. பிள்ளையைப் பிடித்தவர்கள், பெயரே இல்லை என்றவர்கள், பார்ப்போம் என்றவர், விட்டுவிடுவார் என்று மொழிபெயர்த்தவர், இவர்களில் ஒருவரும் இரவில் புரண்டு படுத்ததாகத் தகவல் இல்லை. பெரியநீலாவணையில் இரண்டு பேர் மட்டும், யார் செய்த குற்றத்தால் நவம் வரவில்லை என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குத் தெரியாது. ஒருவருக்குத் தெரியும் என்று அவர் நினைத்தார்.

கடைசியில் அவள் தானே முகாமுக்கு வருவதாகச் சொன்னாள். "பெத்தவளக் கண்டா ஒரு சொல்லாவது சொல்லுவானுகள்."

அதே சொல்லைத்தான் சொன்னார்கள். இல்லை. இருந்ததும் இல்லை.

வெயிலில் அவளுக்குத் தலை சுற்றியது. கந்தப்போடி கையைப் பிடித்து ஹோட்டலுக்குக் கூட்டிவந்தார். ஹாஜியாருக்கு அன்று பின்பக்கம் போக நேரம் கிடைக்கவில்லை. சின்னத்தங்கத்தின் முகத்தைக் கண்டதும் அவர் கல்லாவை விட்டு எழும்பினார்.

"வாங்க தங்கச்சி, இருங்க. பாவா! போடியாருக்கும் தங்கச்சிக்கும் ஒரு சின்னச் சகன். முழுச் சைவம்."

"வேணாம், ஹாஜியார்," என்றார் கந்தப்போடி. "வெறுஞ்சோறு காணும்."

"என்ட கடையில வெறுஞ்சோறா? நல்லா சொன்னயள்."

சிறிய தட்டு வந்தது. சோறு, பருப்பு, கத்தரிக்காய். நடுவில் சம்பல். சின்னத்தங்கம் சுவரைப் பார்த்தாள். படத்தைக் கண்டாள். கிட்டப் போய், கன்னம் உப்பிய புருசனைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சம்பலில் கை வைத்தாள்.

"அத விடு," என்றார் கந்தப்போடி. "சரியான உறைப்பு."

"பரவாயில்ல. வாய் கசக்குது."

ஒரு கவளம். இரண்டு தரம் மென்றாள். நிறுத்தினாள்.

மாசியைத் தானே அவித்துப் புகை போட்டவளுக்கு இரண்டாவது தரமே அதிகம். அவள் எழும்பவில்லை. இடக்கையைக் குவித்து வாயிலிருந்ததை அதில் துப்பி, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். மறுபடி சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள். அதில் புருசனுக்கு முன்னாலிருந்த குவியலைப் பார்த்தாள்.

"அண்டைக்கும் இதுதானா குடுத்த?"

கந்தப்போடி சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாமத் திண்டயளா?"

தெரியாமல் என்று சொல்லலாம். ஒரு கவளத்துக்கு அது உண்மையும்கூட.

"முதல்ல தெரியா," என்றார்.

ஹாஜியார் அந்தப் பக்கமாக வந்தார். "எப்பிடித் தங்கச்சி சாப்பாடு? சைவக் கடைக்காரனே இப்பிடிச் செய்ய மாட்டான்."

"நல்லாயிரிக்கு, ஹாஜியார்," என்றாள் சின்னத்தங்கம்.

ஹாஜியார் மனம் குளிர்ந்து கல்லாவுக்குப் போனார். அவள் வலக்கையின் விளிம்பால் சம்பலை வழித்தாள். தன் பக்கத்தில் ஒரு தேங்காய்ப்பூக்கூட இல்லாமல் வழித்து, எல்லாவற்றையும் புருசனின் பக்கம் தள்ளினாள்.

"தின்னுங்க," என்றாள். "உங்களுக்கெண்டுதானே வெச்சிரிக்காங்க."

முகைதீன்பாவா அடுப்படி வாசலில் நின்று பார்த்தார். மனிசனுக்கு இன்றைக்காவது வயிறு சரியாகிவிட்டதே என்று அவருக்குத் திருப்தி. கந்தப்போடி தட்டில் தன் பக்கத்து வெள்ளி தெரியும்வரை தின்றார்.